சிறுகோள்களுக்கும் நிலா உண்டு: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கத்து ஊர்களில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறோம். வியாழனின் நான்கு நிலாக்களைப் பார்த்து முடித்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர், "வேற எதுக்கெல்லாம் நிலா இருக்கு?" என்று கேட்பார். சூரியனைச் சுற்றும் சின்னப் பாறைகளான சிறுகோள்களுக்கும் இருக்கிறது என்றால் லேசில் நம்ப மாட்டார்கள். அப்புறம் கேள்வி மேல் கேள்வி வரும். அப்படி வந்தவற்றையும், ஆசிரியர்களும் மாணவர்களும் பின்னால் தொலைபேசியில் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம்; எனக்குப் பிடித்த விஷயங்கள் அங்கேதான் இருக்கின்றன.

சிறுகோளுக்கு நிலா இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்ததா, ஊகமா?

உறுதியாகத் தெரிந்தது. விண்கலங்கள் பக்கத்தில் போய்ப் படம் எடுத்திருக்கின்றன. ஒரு சிறுகோள் நிலாவின் மேல் வேண்டுமென்றே ஒரு விண்கலத்தை மோதவும் விட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுபவை, பூமிக்குப் பக்கத்தில் வந்து போகிறவை, நெப்டியூனுக்கு அப்பால் இருப்பவை எல்லாவற்றையும் சேர்த்தால், நிலா உள்ள சிறு பொருள்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. பூமிக்கு அருகில் வரும் சிறுகோள்களில் சில நூறு மீட்டருக்கு மேல் பெரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்குப் பதினைந்துக்கு இப்படி ஒரு துணை இருக்கிறது.

முதலில் கண்டுபிடித்தது யார்?

1993 ஆகஸ்ட் 28 அன்று, வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம், ஐடா என்ற சிறுகோளை சுமார் 2,400 கி.மீ. தூரத்தில் கடந்தது. ஐடாவின் நீளம் ஏறக்குறைய 60 கி.மீ., அதாவது தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் தூரம். படங்களை எடுத்தாயிற்று, ஆனால் உடனே பூமிக்கு அனுப்ப வழியில்லை. கலிலியோவின் பெரிய ஆண்டெனா 1991-லேயே சரியாக விரியாமல் போய்விட்டது. படங்களை நாடாவில் பதிந்துவைத்து, சிறிய ஆண்டெனா வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க முடிந்தது. அதனால் பல படங்கள் அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தன.

1994 பிப்ரவரி 17 அன்று, அந்தத் திட்டத்தில் பணிபுரிந்த ஆன் ஹார்ச், வந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐடாவின் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியைக் கவனித்தார். அதுதான் டாக்டைல். குறுக்களவு ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. படம் எடுத்த நேரத்தில் ஐடாவிலிருந்து சுமார் 90 கி.மீ. தள்ளி நின்றது.

அதற்கு முன்பும் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். 1978-ல் ஹெர்குலினா என்ற சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு நிலா இருப்பதற்கான தடயம் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பின்னாளில் ஹபிள் தொலைநோக்கியால் தேடியும் அங்கே ஒன்றும் இல்லை. இப்படிச் சில அனுபவங்களுக்குப் பிறகு வானியலாளர்கள் பலர் இந்த யோசனையையே சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். டாக்டைலின் படம் வந்ததும் அந்த விவாதம் முடிந்தது.

அவ்வளவு சின்னப் பாறைக்கு இன்னொன்றைப் பிடித்துவைக்கும் ஈர்ப்பு எங்கிருந்து வரும்?

நிறை இருக்கிற எதற்கும் ஈர்ப்பு உண்டு. பாறை சிறியதென்றால் ஈர்ப்பும் குறைவு, அதைச் சுற்றுவது மெதுவாகச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். டிடிமோஸ் என்றொரு சிறுகோள் இருக்கிறது. குறுக்களவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அதைச் சுமார் 1.2 கி.மீ. தூரத்தில் சுற்றும் டைமார்ஃபோஸின் வேகம் விநாடிக்கு 17 சென்டிமீட்டர். நம் சந்திரன் பூமியைச் சுற்றுவது விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில். டைமார்ஃபோஸ் மேல் நின்று ஒருவர் எம்பிக் குதித்தால் திரும்பிக் கீழே வர மாட்டார். அந்த இரண்டையும் விட்டே போய்விடுவார்.

ஓர் எல்லையும் உண்டு. சிறுகோளை விட்டு ரொம்ப தூரம் தள்ளிப் போனால் சூரியனின் ஈர்ப்பு நிலாவைப் பறித்துக்கொள்ளும். அந்த எல்லைக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை.

அந்த நிலா எங்கிருந்து வந்தது? வழியில் போனதை இழுத்துக்கொண்டதா?

வழியில் போனதைப் பிடிப்பது கடினம். பக்கத்தில் வந்த வேகத்திலேயே அது விலகிப் போய்விடும். நிறுத்த ஏதாவது வேண்டும். பெரும்பாலும் நடந்தது வேறு.

நூறு, இருநூறு கிலோமீட்டர் அளவுள்ள பெரிய சிறுகோள்களில் மோதல்தான் காரணம். வேறொன்று வந்து இடித்ததில் தெறித்த துண்டுகளில் பெரும்பகுதி விலகிப் போயிருக்கும். மிஞ்சியது அதையே சுற்றிக்கொண்டு, நாளடைவில் ஒன்றுசேர்ந்து நிலாவாகியிருக்கும்.

சில கிலோமீட்டருக்குக் குறைந்த சிறியவற்றின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இவற்றில் பல, ஒரே பாறையாக இல்லாமல், கற்களும் சரளையும் தூசியும் தங்கள் ஈர்ப்பினால் மட்டும் ஒன்றாகக் குவிந்து கிடப்பவை. களத்தில் நெல்லைத் தூற்றிக் குவிக்கிறவர்களுக்குத் தெரியும், அம்பாரத்தின் சரிவு ஓர் அளவுக்கு மேல் நிற்காது. மேலே கொட்டக் கொட்ட வழிந்து அடியில் பரவும். இந்தக் குவியல்களும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், இங்கே வழிய வைப்பது சுழற்சி.

சுழற்சியைக் கூட்டுவது எது? வெயில். சூரிய ஒளியைச் சிறுகோள் உள்வாங்கி, வெப்பமாகத் திரும்ப வெளியே விடுகிறது. அப்படி வெளியேறும்போது மிக மெல்லிய ஓர் உந்துதல் ஏற்படும். உருவம் சீராக இருந்தால் எல்லாப் பக்கமும் சரிக்குச் சரியாகிவிடும். கோணல்மாணலாக இருந்தால் ஒரு பக்கம் மிஞ்சி, அந்த மிச்சம் சிறுகோளைத் திருகும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இது விடாமல் நடந்தால் சுழற்சி வேகம் மாறிவிடும். இதை யார்ப் விளைவு என்பார்கள். யார்ப் என்றே பெயர் வைக்கப்பட்ட ஒரு சிறுகோள், 12 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றுவது; அதன் சுழற்சி உண்மையிலேயே வேகமெடுப்பதை 2007-ல் அளந்து காட்டிவிட்டார்கள்.

குவியலாக இருக்கும் சிறுகோள் ஏறக்குறைய 2.2 மணிக்கு ஒரு சுற்றைவிட வேகமாகச் சுற்ற முடியாது. அதற்கு மேல் போனால் நடுக்கோட்டில் இருக்கும் கற்களைப் பிடித்துவைக்க ஈர்ப்பு போதாது. அவை பிரிந்து வெளியே போய்ச் சுற்ற ஆரம்பிக்கும், பிறகு ஒன்றுகூடி நிலாவாகும். டிடிமோஸ் ஒரு சுற்றுக்கு எடுப்பது 2.26 மணி. அந்த விளிம்பிலேயே நிற்கிறது, அதற்கு நிலாவும் இருக்கிறது.

பக்கத்தில் போகாமல் இவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பல வழிகள் இருக்கின்றன. மிக எளிமையானது ஒளியை அளப்பது. சிறுகோளின் பிரகாசத்தை இரவு முழுக்க விடாமல் அளந்தால், அது சுழல்வதால் கூடிக் குறைவது தெரியும். அதோடு கூட, குறிப்பிட்ட இடைவெளியில் பிரகாசம் சட்டென்று இறங்கி ஏறினால், நிலா அதன் முன்னால் போகிறது அல்லது பின்னால் மறைகிறது என்று பொருள். அங்கே நடக்கிற கிரகணத்தை இங்கிருந்து பார்க்கிறோம். டைமார்ஃபோஸை 2003-ல் பெட்ர் பிரவெக் இப்படித்தான் கண்டார். அந்தச் சமயத்தில் ராடாரும் அதை உறுதி செய்தது.

ராடார் இரண்டாவது வழி. பூமியிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதை வாங்கிப் படமாக்குவது. பூமிக்கு அருகில் வருபவற்றுக்கு இது அருமையான முறை. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி இதில் பெரிய வேலை செய்தது; 2020 டிசம்பர் 1 அன்று அது இடிந்து விழுந்தது இத்துறைக்குப் பேரிழப்பு. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆண்டெனாவும் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

தொலைவில் இருக்கும் பெரியவற்றை நேராகப் படம் பிடிக்கலாம். ஆனால் காற்று அலைபாய்வதால் படம் கலங்கும். தொலைநோக்கியின் ஆடியை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நுட்பமாக வளைத்து அந்தக் கலங்கலைச் சரிசெய்கிறார்கள். 1998-ல் யூஜீனியா என்ற சிறுகோளின் நிலாவை ஹவாயிலிருந்து இப்படிக் கண்டார்கள். பூமியிலிருந்தே ஒரு சிறுகோள் நிலாவைப் படம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

நட்சத்திரம் மறைவதைக் காத்திருந்து பார்ப்பது இன்னொரு வழி. அதில் நம்மைப் போன்றவர்களுக்கும் இடம் இருப்பதால் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, இதைப் பள்ளிகளில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. ஒன்றுக்கு மேற்பட்ட நிலாக்கள் உள்ளதாக முதன்முதலில் தெரியவந்த சிறுகோள் சில்வியா. அந்தச் சில்வியாவைக் கண்டுபிடித்த இடம் சென்னை.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1861-ல் நார்மன் போக்சன் அதன் வானியலாளராக வந்தார்; 1891-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வந்த ஆண்டிலேயே ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. அப்புறம் 1864-ல் சாஃபோ, 1866 மே 16-ல் சில்வியா, 1868 நவம்பர் 17-ல் கமில்லா, 1885-ல் வேரா. அந்தக் காலத்தில் புகைப்படத் தட்டு உதவிக்கு இல்லை. வானத்தின் ஒரு பகுதிக்கு வரைபடம் போட்டுவைத்து, மறுபடி மறுபடி பார்த்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று கண்ணாலேயே தேட வேண்டும்.

இந்த ஐந்தில் சில்வியாவுக்கும் கமில்லாவுக்கும் இரண்டிரண்டு நிலாக்கள் இருக்கின்றன. போக்சனுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. அவருக்கு இரண்டுமே ஒளிப்புள்ளிகள்தான். சில்வியாவின் முதல் நிலா ரோமுலஸை 2001-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் மைக்கேல் பிரவுனும் ழான்-லூக் மார்கோவும் கண்டார்கள். இரண்டாவது நிலா ரீமஸ், சிலி நாட்டிலுள்ள பெரிய தொலைநோக்கியில் 2004-ல் எடுத்த படங்களில் இருந்தது. ஃபிராங்க் மார்ஷிஸ் குழு அதை 2005-ல் அறிவித்தது. கமில்லாவின் முதல் நிலா 2001-ல் ஹபிள் படத்தில் தெரிந்தது. இரண்டாவதை 2016-ல் அறிவித்தார்கள்.

பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். சென்னைக்குப் போகிற பள்ளிச் சுற்றுலாக்கள் கடற்கரைக்குப் போவது சரி, இந்தத் தூணையும் அனுமதி வாங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.

நிலா இருப்பதால் என்ன லாபம்? தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம்?

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். நிலா இருந்தால் சிறுகோளின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். இல்லாவிட்டால் அதை அறிவது மிகக் கடினம். தொலைநோக்கியில் அளவு தெரியும், நிறம் தெரியும், சுழற்சி தெரியும். நிறை மட்டும் தெரியாது. நிறை தெரியாமல் உள்ளே இரும்பா, கெட்டிப் பாறையா, பொத்தலா என்று சொல்ல முடியாது.

நிலா எவ்வளவு தூரத்தில், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது என்ற இரண்டு எண்கள் போதும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் கெப்ளரின் மூன்றாம் விதிதான். தூரத்தின் கனத்தை, காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது நடுவில் இருப்பதன் நிறையைப் பொறுத்தது.

சில்வியாவையே எடுத்துக்கொள்வோம். ரோமுலஸ் சுமார் 1,356 கி.மீ. தூரத்தில் 87.6 மணிக்கு ஒரு முறை சுற்றுகிறது. ரீமஸ் 706 கி.மீ. தூரத்தில் 33.1 மணிக்கு ஒரு முறை. இரண்டுக்கும் தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே விடை வரும். கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிலாக்களும் தனித்தனியே ஒரே சாட்சியைச் சொல்கின்றன: சில்வியாவின் நிறை, 15-க்குப் பின்னால் 18 சுழிகள் போட்டால் வருகிற அளவு கிலோகிராம். நம் சந்திரனில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது அந்த நிறையைச் சில்வியாவின் பருமனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அது தண்ணீரைப் போல சுமார் 1.4 மடங்குதான். நம் ஊர் மலைப் பாறையின் அடர்த்தி 2.6, 2.7 இருக்கும். இவ்வளவு பெரிய பொருள், சுமார் 270 கி.மீ. குறுக்களவு, பாறையைப் போல ஏறக்குறைய பாதி கனம்தான் என்றால் உள்ளே நிறைய வெற்றிடம் இருக்க வேண்டும். பழைய மோதல்களில் உடைந்து, துண்டுகள் மறுபடி நெருக்கமில்லாமல் சேர்ந்த உடம்பு அது. யாரும் அங்கே போகவில்லை, துளை போடவில்லை. இரண்டு நிலாக்களின் பாதையை வைத்தே உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு சிறுகோளுக்கு அதிகபட்சம் எத்தனை நிலா?

இதுவரை தெரிந்ததில் எலெக்ட்ராவுக்கு மூன்று. மூன்றாவது 2022-ல் அறிவிக்கப்பட்டது.

எது கோள், எது நிலா என்று சொல்ல முடியாத ஜோடி உண்டா?

உண்டு. ஆண்டியோப்பி என்பது கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 85 கி.மீ. மையத்துக்கு மையம் சுமார் 170 கி.மீ. தூரத்தில் 16.5 மணிக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. வியாழனின் பாதையில் இருக்கும் பட்ரோக்ளஸ், மெனோடியஸ் ஜோடியும் இப்படிப்பட்டதே. லூசி விண்கலம் 2033-ல் அங்கே போய்ச் சேரும்.

அதே லூசி 2023 நவம்பர் 1 அன்று டிங்கினேஷ் என்ற சிறிய சிறுகோளைக் கடந்தபோது, யாரும் எதிர்பாராத ஒரு நிலா படத்தில் வந்தது. அடுத்தடுத்த படங்களைப் பார்த்தால் அந்த நிலாவே இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு ஆனது. செலாம் என்று பெயர் வைத்தார்கள். அப்படி ஒட்டிய இரட்டை ஒன்று நிலாவாகச் சுற்றுவதைப் பார்த்தது அதுவே முதல் முறை.

விண்கலத்தை மோதவிட்டார்கள் என்றீர்களே, அது என்ன?

நாசாவின் டார்ட் திட்டம். பூமியை நோக்கி ஒரு சிறுகோள் வந்தால் இடித்துத் திசை மாற்ற முடியுமா என்று பார்க்கும் சோதனை. 2021 நவம்பரில் ஏவினார்கள். நம் நேரப்படி 2022 செப்டம்பர் 27 அதிகாலை 4.44 மணிக்கு, விநாடிக்கு 6 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில், சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபோஸ் மேல் மோதியது. அப்போது அது பூமியிலிருந்து ஒரு கோடியே பத்து லட்சம் கி.மீ. தூரத்தில் இருந்தது. டிடிமோஸோ டைமார்ஃபோஸோ நம்மை நோக்கி வரவில்லை. ஆபத்து இல்லாத இடத்தில் செய்த ஒத்திகை.

தனியாகச் சுற்றும் சிறுகோளை விட்டு நிலாவைத் தேர்ந்தெடுத்ததில்தான் இந்தத் திட்டத்தின் புத்திசாலித்தனம் இருக்கிறது. சூரியனைச் சுற்றும் பாறையை இடித்தால் பாதை மாறுவது அவ்வளவு சொற்பமாக இருக்கும், அளந்து காட்ட ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டைமார்ஃபோஸ் அப்போது டிடிமோஸை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டிருந்தது. இடித்ததும் அந்த நேரம் மாறினால், முன்பு சொன்ன அதே கிரகண முறையில் பூமியிலிருந்தே சில நாளில் கண்டுபிடித்துவிடலாம்.

73 விநாடி மாறினாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மாறியது 32, 33 நிமிடம். மோதிய வேகத்தால் கிடைத்த தள்ளுதலைவிட, தெறித்துப் பின்னால் பாய்ந்த கற்களும் தூசியும் கொடுத்த தள்ளுதல் அதிகம். தூசி பத்தாயிரம் கி.மீ.க்கு மேல் வாலாக நீண்டது. இத்தனைக்கும் டைமார்ஃபோஸின் வேகம் குறைந்தது விநாடிக்கு 2.7 மில்லிமீட்டர்.

ஐரோப்பிய விண்வெளி முகமை அதன் பிறகு ஹெராவை அனுப்பியது. 2024 அக்டோபர் 7 அன்று புறப்பட்ட ஹெரா, 2025 மார்ச்சில் செவ்வாயைக் கடக்கும்போது அதன் நிலா டீமோஸைப் படம் எடுத்தது. 2026 இறுதியில் டிடிமோஸைச் சேர்வதாகத் திட்டம். டைமார்ஃபோஸின் நிறையைச் சரியாக அளப்பது அதன் முக்கிய வேலை. கூடவே போகும் ஒரு குட்டிக் கலம் ராடாரை வைத்து உள்பகுதியையும் பார்க்கும்.

நிலாவோடு சேர்ந்து இரட்டையாகப் பூமியில் விழுந்தால்?

விழுந்திருக்கிறது. ஸ்வீடனில் லாக்னே, மாலிங்கன் என்று இரண்டு பள்ளங்கள் 16 கி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. பெரியது 7.5 கி.மீ., சின்னது 700 மீட்டர். இரண்டும் சுமார் 45.8 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே நேரத்தில் உண்டானவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் இரட்டை விழுந்த இடமாகிவிடாது. கனடாவின் கிளியர்வாட்டர் ஏரிகள் இரண்டு பெரிய பள்ளங்கள், ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. வெகுகாலம் இவற்றையே உதாரணமாகச் சொன்னார்கள். பாறைகளின் வயதை அளந்தபோது ஒன்று சுமார் 28.6 கோடி ஆண்டு, மற்றது 46 கோடி ஆண்டுக்கு மேல் என்று வந்தது.

2024-ல் பூமிக்கு இரண்டாவது நிலா வந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அது சுமார் 10 மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோள், பெயர் 2024 பிடி5. செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியின் ஈர்ப்பில் தற்காலிகமாக அகப்பட்டிருந்தது; ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றவில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. வானத்தில் இரண்டு நிலா தெரிவதாக வந்த படங்கள் பொய். மகாபாரதத்தில் இருப்பதாகவும் ஒரு செய்தி சுற்றியது. பூமியை ஒத்த பாதையில் போகும் ஒரு சிறுகோள் கூட்டத்துக்கு வானியலாளர்கள் அர்ஜுனா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. செய்தி அங்கிருந்து கிளம்பியது.

நவகிரகங்களில் இவை வருமா? ஜாதகத்தில் பலன் உண்டா?

கும்பகோணத்தைச் சுற்றி நவகிரகத் தலங்கள் இருப்பதால் இந்தக் கேள்வி வராத ஊரே இல்லை. பழைய கணக்கில் சிறுகோள்கள் இல்லை. இவற்றை வெறும் கண்ணால் பார்ப்பது மிக அரிது; முதல் சிறுகோளான சீரஸைக் கண்டதே 1801 ஜனவரி 1 அன்றுதான். கோயிலுக்குப் போவது அவரவர் பக்தி, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. வானியலில் பலன் சொல்ல இடமில்லை.

ஆனால் ராகு, கேதுவைப் பற்றி ஒன்று சொல்வேன். கணித முறையில் அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அமாவாசையும் பௌர்ணமியும் அந்தப் புள்ளிகளுக்கு அருகில் வரும்போது மட்டும் கிரகணம் நடக்கும். அதனால்தான் மாதா மாதம் கிரகணம் இல்லை. சிறுகோள் நிலாக்களுக்கும் இதே நியாயம்தான். அவற்றின் பாதைத் தளம் நம் பார்வைக் கோட்டுக்கு நேராக வரும் காலத்தில்தான் பிரகாசம் இறங்கி ஏறுவது தெரியும். மற்ற நாளில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நிலா இருப்பது ஒளி அளவில் தெரியாது. பஞ்சாங்கம் கணித்தவர்களுக்குப் பழகிய வடிவியல் இது. திருநாகேஸ்வரத்திலும் கீழப்பெரும்பள்ளத்திலும் இதைச் சொல்லும்போது பெரியவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

நம் டெல்டாக்காரர் பெயரில் சிறுகோள் உண்டா?

ராமானுஜன் பெயரில் இருக்கிறது, எண் 4130. கும்பகோணத்தில் வளர்ந்து படித்த அதே கணித மேதைதான். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் குழு 1988-ல் கண்டுபிடித்தது. போக்சன் வேராவைக் கண்டு நூறாண்டுக்கு மேல் கழித்து இந்தியாவிலிருந்து கிடைத்த சிறுகோள் அது. நிலா உள்ளவை பட்டியலில் அது இல்லை.

இங்கிருந்து நாம் எதையாவது பார்க்க முடியுமா?

நிலாக்களைப் பார்க்க முடியாது. அதைச் சொல்லாமல் தொலைநோக்கி வாங்கச் சொல்வது தவறு. சிறுகோள்களைப் பார்க்கலாம். வெஸ்டா பிரகாசமாக இருக்கும் மாதங்களில் பைனாகுலர் போதும் (அதற்கு நிலா இல்லை, டான் விண்கலம் அங்கேயே சுற்றித் தேடிப் பார்த்தாயிற்று). சில்வியாவுக்கு எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் பனி, கண்ணாடியில் ஈரம் படியும். சம்பா அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வயல் காய்ந்திருக்கும்போது கொள்ளிடக்கரைப் பக்கம் வானம் நன்றாக இருக்கும். கோடியக்கரை இன்னும் இருட்டு.

ஆனால் நாம் செய்யக்கூடிய உண்மையான வேலை, நட்சத்திரம் மறைவதை நேரம் குறிப்பது. ஒரு சிறுகோள் நமக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் நடுவில் வந்தால் நட்சத்திரம் சில விநாடி காணாமல் போகும். அந்த நிழல் பூமியில் ஒரு பட்டையாக ஓடும். பட்டையின் குறுக்கே ஆளுக்கொரு ஊராக நின்று, மறைந்த நேரமும் திரும்பி வந்த நேரமும் குறித்தால் சிறுகோளின் உருவமே கிடைத்துவிடும். ஒருவருக்கு மட்டும் தனியாக இன்னொரு சின்ன மறைவு கிடைத்தால், அது நிலாவாக இருக்கலாம். 2013 ஜனவரி 6 அன்று சில்வியா ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, ஐரோப்பாவில் காத்திருந்த பார்வையாளர்களில் நான்கு பேருக்கு ரோமுலஸும் அதே நட்சத்திரத்தை மறைத்தது பதிவானது. பெரும்பாலும் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள். ரோமுலஸின் உருவம் நீளமானது என்பது அந்தப் பதிவுகளிலிருந்து தெரிந்தது.

இதற்கு நம் ஊர் ரொம்பத் தோது. மலை மறைக்காது, எந்தத் திசையிலும் சாலை இருக்கிறது. திருவையாறு, தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று வடக்கிலிருந்து தெற்கே ஒரு வரிசையில் நான்கு பேர் நின்றாலே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு வலை விழுந்துவிடும். எந்த இரவில் எந்தப் பட்டை எங்கே ஓடும் என்ற கணிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தொலைநோக்கி, அதில் பொருத்த ஒரு வீடியோ கேமரா, ஜிபிஎஸ் நேரம் இருந்தால் போதும். கேமராவின் ஒவ்வொரு பிம்பத்திலும் நேரம் பதிய வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் ஒரு விநாடி முன்பின் ஆகிவிடும்; ரீமஸ் போன்ற ஏழு கிலோமீட்டர் நிலா ஒரு நட்சத்திரத்தை மறைத்து நகர அதைவிடக் குறைந்த நேரமே போதும்.